ஆர்மீனிய ஃபெதாயிகள்: துப்பாக்கி எடுத்ததால்தான் அழிவு வந்ததா?

கேள்வி:

வணக்கம். கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1915ல் ஒட்டோமான் (துருக்கியப்) பேரரசில் ஆர்மீனியர்களுக்கு நடந்த இனப்படுகொலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, "அவர்களிடமும் ஆயுதக் குழுக்கள் இருந்தன, அரசு திருப்பி அடித்தது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஃபெதாயி என்ற பெயரும் அடிபடுகிறது. யார் இவர்கள்? கொள்ளைக்காரர்களா, புரட்சிக்காரர்களா, ஊர்க்காவலா?

பதில் 1:

ஃபெதாயி அரபியிலிருந்து வந்த சொல். உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் என்று பொருள். இன்றைய கிழக்குத் துருக்கியில் வான், மூஷ், சாசூன் மலைப்பக்கம் திரிந்த சிறு சிறு குழுக்கள். பலர் ஹின்சாக் (1887), தஷ்னாக் (1890) என்ற ஆர்மீனியப் புரட்சிக் கட்சிகளின் ஆட்கள்.

பதில் 2:

தம்பி, நான் ஆர்மீனியத் தலைநகர் யெரவானில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். தங்கியிருந்த வீட்டுப் பாட்டியின் முன்னோர் மூஷ்காரர்கள். நாம் சாமி படம் மாட்டும் இடத்தில் அவர் ஃபெதாயி தளபதி ஆந்த்ரானிக்கின் படத்தை மாட்டியிருந்தார். பெரிய மீசை, மார்பில் தோட்டா வார். "இவர் ஏன் துப்பாக்கி எடுத்தார்?" என்று ஒருநாள் கேட்டேன். பாட்டி காகிதக் கரண்டியிலிருந்து ஆரம்பித்தார்.

1878ல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய பெர்லின் மாநாட்டுக்கு ஆர்மீனியர் சார்பில் க்ரிமியான் என்ற மதகுரு போனார். திரும்பி வந்து சொன்னாராம்: அங்கே ஒரு பெரிய அண்டாவில் ஹரிசா வைத்திருந்தார்கள் (கோதுமையும் கறியும் குழையக் குழைய வேகவைப்பது, நம் ஹலீம் மாதிரி). மற்றவர்கள் இரும்புக் கரண்டியால் அள்ளிக்கொண்டு போனார்கள். என் கையில் இருந்ததோ மனு எழுதிய காகிதம். அண்டாவில் விட்டேன், கரைந்துவிட்டது. இரும்பு என்றால் ஆயுதம்தான்.

அந்த மாநாட்டு ஒப்பந்தத்தின் 61வது பிரிவில் ஆர்மீனியருக்குப் பாதுகாப்பு தருவதாக எழுதினார்கள். நடந்தது வேறு. 1891ல் சுல்தான் அப்துல் ஹமீத் குர்து இனக்குழுக்களுக்கு ஆயுதம் கொடுத்து ஹமீதியே குதிரைப்படையை உருவாக்கினார். சாசூன் விவசாயி அரசுக்கும் வரி கட்டினான், குர்து தலைவர்களுக்கும் தனியாகக் கப்பம் கட்டினான். 1894ல் இரண்டையும் கட்ட முடியாது என்றார்கள், ராணுவம் வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் ஆர்மீனிய மாகாணங்கள் முழுக்கப் படுகொலைகள்.

ஃபெதாயிகள் செய்தது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். 1896 ஆகஸ்டில் தஷ்னாக்குகள் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் வங்கியைக் கைப்பற்றினார்கள். அதில் உயிர் தப்பியவர்கள் கப்பலேறி வெளிநாடு போனார்கள். தெருவில் அடித்துக் கொல்லப்பட்டவர்களோ, வங்கிக்குள் கால் வைக்காத ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள், சுமைதூக்கும் ஏழைகள் வரை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் 1908ஐ யாரும் சொல்வதில்லையே, அதுதான் என் கோபம். சுல்தானை எதிர்த்த இளந்துருக்கியர் புரட்சி வந்து அரசியல் சட்டம் திரும்பியதும் ஃபெதாயிகள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். 1894 சாசூன் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான ஹம்பார்ட்சும் பொயாஜியான், முராத் என்று சொல்வார்கள், தேர்தலில் ஜெயித்து அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார். 1915ல் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

கேட்டவர்:

நன்றி அக்கா. முராத் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் வான் நகரில் 1915ல் சண்டை நடந்ததே? அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

பதில் 2:

தேதியைப் பார், தம்பி. ஆளுநர் ஜெவ்தெத் பே நாலாயிரம் ஆண்களை ராணுவத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினால் திரும்ப மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரியும். சமரசம் பேசப் போன தஷ்னாக் தலைவர் இஷ்கானை வழியிலேயே கொன்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் வ்ராமியானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கும் பிறகுதான், ஏப்ரல் 20ல், ஊர் தடுப்புச் சுவர் எழுப்பிச் சுட ஆரம்பித்தது. வெடிமருந்தைத் தாங்களே தயாரித்து, தோட்டா வார்த்து, ஒட்டோமானோடு போரில் இருந்த ரஷ்யாவின் படை வரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கினார்கள். அங்கே நின்றவர்களில் பலர் கடைக்காரர்கள், தச்சர்கள், வாத்தியார்கள்.

பதில் 3:

ஒரு சின்னச் செய்தி. சென்னைப் பாரிமுனையில் இருக்கும் அரண்மனைக்காரன் தெரு, ஆர்மீனியன் தெரு என்பது திரிந்து வந்த பெயர். 1772லேயே இங்கிருந்த ஆர்மீனிய வணிகர் ஷஹாமிரியானின் அச்சகத்தில், ஆர்மீனிய இளைஞர்கள் எழுந்து தங்கள் நாட்டை மீட்க வேண்டும் என்று ஒரு சிறுநூல் அச்சானது.

பதில் 2:

அந்தத் தெருவில் எத்தனை தடவை நடந்திருப்பேன், இது தெரியாமல்! நன்றி.

தம்பி, இனி யாராவது "திருப்பி அடித்தார்கள்" என்றால் நாலு பேரை மட்டும் சொல்: முராத், வ்ராமியான், வார்ட்கெஸ், சோஹ்ராப். நால்வருமே 1908 புரட்சிக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நால்வருமே 1915ல் கொல்லப்பட்டவர்கள். அதில் சோஹ்ராப் வழக்கறிஞர், சிறுகதை எழுதியவர்.