ஐசிஜி திரையில் இருட்டாகத் தெரிந்தால் வெட்டிவிடலாமா?

கத்திப்பிடி:
நேற்று டீப் ஃபிளாப். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பகம் அமைக்கிற கேஸ். தோல் நிறத்தில் குறை இல்லை, ஊசியால் குத்தினால் ரத்தம் வந்தது. ஐசிஜி (இந்தோசயனின் கிரீன், ரத்தம் ஓடுற இடத்தைக் கேமராவில் ஒளிரவைக்கிற சாயம்) செலுத்தி, தியேட்டர் விளக்கை அணைத்துக் கேமராவில் பார்த்தால், ஃபிளாப்புக்கு ரத்தம் தர்ற நாளத்துக்கு எதிர்ப்பக்க ஓரம் நாலு விரல் அகலத்துக்குக் கரி. வெட்டி எடுத்துட்டேன். "கண்ணை நம்பாம பெட்டியை நம்புற"ன்னு சீனியர் திட்டினார். தப்பா?

பழைய ஊசி:
தப்புன்னு சொல்லல, அவசரம். பிரிக்கும்போது கைபட்ட நாளம் சுருங்கும். பிபி எவ்வளவு? நாளத்தைச் சுருக்குற நார்அட்ரினலின் ஓடிச்சா? வெதுவெதுப்பான சலைன் துணி போட்டு, கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தீங்களா?

கத்திப்பிடி:
ஒரு தடவைதான். எப்படியும் அது 4வது மண்டலம் (ரத்தம் போற வரிசையில ஃபிளாப்பை நாலாப் பிரிச்சதுல கடைசி), எல்லாரும் வெட்டுறதுதானே.

பழைய ஊசி:
அப்ப கேமரா எதுக்கு?

கத்திப்பிடி:
மண்டலக் கணக்கையே புரட்டினது இந்தச் சாயம்தான் சார். பழைய டிராம் (வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுக்கிற ஃபிளாப்) காலத்துக் கணக்குல நடுக்கோட்டைத் தாண்டினா 2, நாளம் இருக்கிற இதே பக்க ஓரம் 3. 2006ல ஐசிஜி போட்டுப் பார்த்தப்ப, இதே பக்க ஓரம்தான் முந்தி ஒளிர்ந்தது. இரண்டும் இடம் மாறிடுச்சு.

மானிட்டர் பக்கம்:
மயக்க மருந்து ஆள் பேசுறேன். ஐசிஜி பிளாஸ்மா புரதத்தோட ஒட்டி நாளத்துக்குள்ளேயே ஓடும், கல்லீரல் பித்தத்துல தள்ளிடும். அரை ஆயுள் 3-4 நிமிஷம்தான். ஃபுளோரசின்ங்கிற பழைய சாயம் மாதிரி திசுவுல கசிஞ்சு மணிக்கணக்கா நிக்காது. அதனால இரண்டாவது டோஸ் தாராளமா போடலாம். ஆக்சிமீட்டர் எண் ஒரு கணம் இறங்கும், அலறாதீங்க. அயோடைடு அலர்ஜி இருக்கான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க.

பழைய ஊசி:
அதேதான். இன்னொண்ணு, அந்தப் படம் அந்த நிமிஷத்துக் கதை. சிரை அடைச்சு ராத்திரி 2 மணிக்கு ஃபிளாப் கத்திரிக்காய் நிறத்துல வீங்கினா, வார்டு நர்ஸ்தான் கண்டுபிடிப்பாங்க, கேமரா இல்ல.

கத்திப்பிடி:
இரண்டாவது டோஸ், ஒத்துக்கறேன். ஆனா ஊசிக்குத்து என்னை ஏமாத்திடுச்சே. திரையில கரி, குத்தினா ரத்தம்.

பழைய ஊசி:
என்ன நிறம்? எத்தனை நொடியில?

கத்திப்பிடி:
கருஞ்சிவப்பு. ரொம்ப மெதுவா.

பழைய ஊசி:
அப்ப ஊசியும் பெட்டியும் ஒண்ணைத்தான் சொல்லியிருக்கு. நீங்க ரத்தம் வந்ததைப் பார்த்தீங்க, எப்படி வந்துச்சுன்னு பார்க்கல.