கில்-சேர்வர் அடித்தால் சாவது யார்?

கல்லடி_வாவிமீன்: ஏடிபி (அண்ட்ரொயிட் டிபக் பிரிட்ஜ்) என்பது லப்டொப்பிலிருந்து அண்ட்ரொயிட் போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. ஒலுவில் தம்பி ஒருவர், தொடுத்த போன்களைப் பார்க்க 'ஏடிபி டிவைசஸ்' அடித்தால் தன் போனுக்குப் பக்கத்தில் 'அன்ஓதரைஸ்ட்' (அனுமதி இல்லை) என்று வருகிறது, என்ன செய்வது என்று நேற்றுக் கேட்டிருந்தார். அதற்கு ஏறாவூர் நானா கொடுத்த மருந்தை வாசித்ததும் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ மூக்கில் ஏறிவிட்டது. "கில்-சேர்வர் அடியுங்கள், போனுக்குள் இருக்கிற சேர்வர் செத்து மறுபடி பிறக்கும்" என்கிறார். நானா, கில்-சேர்வர் கட்டளை நிறுத்தும் அந்தச் சேர்வர் போனுக்குள் இல்லை. உங்கள் லப்டொப்பில் இருக்கிறது. போனுக்குள் ஓடுவது ஏடிபிடி என்ற டீமன், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம். கில்-சேர்வர் அதைத் தொடவே தொடாது.

ஏறாவூர்_டெக்: தம்பி, நான் பதினொரு வருடமாகப் போன் திருத்துகிறேன். கில்-சேர்வர் அடித்தேன், போன் திரையில் 'அலவ்' கேட்டுப் பெட்டி வந்தது, அமத்தினேன், வேலை முடிந்தது. பெட்டி போனில்தானே வந்தது? லப்டொப்பிலா வந்தது? போனில் ஒன்றும் நடக்காமல் பெட்டி எப்படி வரும்?

கல்லடி_வாவிமீன்: கதவைத் தட்டினால் வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். அதற்காக வீட்டுக்காரன் செத்துப் பிறந்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதா? லப்டொப் சேர்வர் செத்து எழும்பி மறுபடி போனைத் தட்டியது, அவ்வளவுதான். அந்தப் பெட்டி அண்ட்ரொயிட் 4.2.2 இலிருந்து இருக்கிறது. உங்கள் லப்டொப்பை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ சாவியை நம்பலாமா என்று போன் கேட்கிறது. சாவி இருப்பதும் லப்டொப்பில்தான், 'ஏடிபிகீ' என்ற பெயரில். தேடிப் பாருங்கள்.

ஒலுவில்_மாணவன்: அண்ணா, எனக்கு அந்தப் பெட்டியே வரவில்லை. நாளை மறுநாள் டெமோ.

பாண்டிருப்பான்: முதலில் சேர்வர் என்றால் எது, டீமன் என்றால் எது என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். மறுகா சண்டை பிடிக்கலாம்.

ஏறாவூர்_டெக்: நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள் பாண்டிருப்பு. கில்-சேர்வர் அடித்துவிட்டு டிவைசஸ் அடித்தால் என் திரையில் வருவது இது: "டீமன் நொட் ரன்னிங், ஸ்டார்ட்டிங் நவ் அட் டிசிபி:5037". டீமன் போனுக்குள் என்று மேலே எழுதியவர் யார்? நானா? டீமன் ஓடவில்லை என்று ஏடிபியே சொல்கிறது. அப்போ செத்தது எது? கூகுள்காரனுக்கே தெரியாதது கல்லடியில் தெரியுமோ?

கல்லடி_வாவிமீன்: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி டீமன் என்று சொல்வது லப்டொப்பில் ஓடும் சேர்வரைத்தான். எழுதியவன் குழப்பி எழுதியிருக்கிறான், அதற்கு நான் என்ன செய்ய? 5037 உங்கள் லப்டொப்பின் போர்ட், அந்தச் சேர்வர் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் இலக்கம். நம்பிக்கை இல்லையென்றால் போனைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கில்-சேர்வர் அடியுங்கள். மறுபடி டிவைசஸ் அடியுங்கள். அதே வரி அப்படியே வரும். போன் லாச்சிக்குள்! அப்போ எந்த டீமன் செத்தது? லாச்சிக்குள் மையித்தா கிடக்கிறது?

ஏடிபியில் கடைசி எழுத்தே பிரிட்ஜ், பாலம்தான். கல்லடிப் பாலத்தை மட்டக்களப்பு நகரப் பக்கம் மறித்தால் கல்லடிச் சனம் செத்துப்போகுமா?

பாண்டிருப்பான்: எந்தப் பாலம்? 1924 இல் திறந்ததா, பக்கத்தில் கட்டிய புதுசா?

கல்லடி_வாவிமீன்: எந்தப் பாலமானாலும் சரி.

பாண்டிருப்பான்: சரி இல்லை. பழசு ஒரு வாகனம் போகும் அகலம். புதுசில் இரண்டு பக்கமும் போகலாம். உதாரணம் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

ஏறாவூர்_டெக்: பௌர்ணமி இரவில்தான் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். இங்கே ஒரு மீன் அமாவாசைக்கும் பாடுகிறது.

காரைதீவுப்_பிள்ளை: போன் பக்கத்து ஏடிபிடியை மறுபடி தொடக்க வேறு கட்டளை இருக்கிறது. 'ஏடிபி டிசிபிஐபி 5555' அடித்தால் அது வைஃபையில் கேட்கத் தொடங்கும், "ரீஸ்டார்ட்டிங் இன் டிசிபி மோட்" என்றும் வரும். 5037 லப்டொப்புக்கு, 5555 போனுக்கு. இதற்குப் போய் இத்தனை சத்தமா?

ஒலுவில் தம்பி, டெவலப்பர் ஓப்ஷனில் யூஎஸ்பி டிபகிங் அனுமதிகளை 'ரிவோக்' (ரத்து) செய்துவிட்டு, கேபிளைக் கழற்றித் திரும்பக் குத்துங்கள். போன் லொக் திறந்திருக்க வேண்டும். அண்ட்ரொயிட் 11 இலிருந்து ஏழு நாள் தொடுக்காமல் விட்டால் போன் பழைய அனுமதியைத் தானே அழித்துவிடும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

கல்லடி_வாவிமீன்: தங்கச்சி சொன்னது சரி, ஆனால் அன்ஓதரைஸ்ட் போனில் டிசிபிஐபி அடித்தால் அதுவும் போகாது. முதலில் அனுமதி வேண்டும். அதோடு நான் சொன்ன விசயத்தை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்: கில்-சேர்வர் போனைத் தொடாது.

காரைதீவுப்_பிள்ளை: அன்ஓதரைஸ்ட் போனில் அடிக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

ஏறாவூர்_டெக்: இவர் எல்லாரையும் திருத்துவார், பிள்ளை. நான் சொல்லட்டுமா? போன வருடம் நோன்புக்குள் என் கடைக்கு வந்து ஒரு கேபிள் கொண்டு போனார். காசும் இல்லை, கேபிளும் இல்லை. சேர்வர் எங்கே இருக்கிறது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

கல்லடி_வாவிமீன்: கேபிளா அது? சார்ஜ் மட்டும்தான் ஏறியது, உள்ளே டேட்டா வயரே இல்லை. டிவைசஸ் அடித்தால் தலைப்பு வரி மட்டும், கீழே வெறுமை. அன்றைக்கும் உங்களுக்கு எடுத்துச் சொன்னேன். என்ன மறுமொழி தந்தீர்கள்? "கில்-சேர்வர் அடியுங்கள்." தலையிடி என்றாலும் கில்-சேர்வர், வயிற்றோட்டம் என்றாலும் கில்-சேர்வர்.

ஏறாவூர்_டெக்: டேட்டா இல்லாத கேபிளை நான் விற்பதில்லை. உங்கள் லப்டொப்பின் வாய் கெட்டுப்போயிருக்கும்.

ஒலுவில்_மாணவன்: ரிவோக் செய்தேன், பெட்டி வந்தது. நன்றி அக்கா. இப்போது அப்பை இன்ஸ்டோல் பண்ணப் போனால் "மோர் தான் வன் டிவைஸ்" என்று நிற்கிறது. லப்டொப்பில் ஓடும் போலிப் போனான எமுலேட்டரும் திறந்து கிடக்கிறது.

காரைதீவுப்_பிள்ளை: 'ஏடிபி'க்குப் பிறகு 'மைனஸ் டி' போடுங்கள், கேபிளில் இருக்கிற போனுக்குப் போகும். இரண்டு போன் குத்தியிருந்தால் 'மைனஸ் எஸ்' போட்டு சீரியல் எண்.

ஏறாவூர்_டெக்: மாணவன் தம்பி, ரிவோக் செய்ய முதல் கில்-சேர்வர் அடித்தீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒலுவில்_மாணவன்: அடித்தேன் நானா. இரண்டு தரம்.

ஏறாவூர்_டெக்: அப்போ சரி. எல்லாரும் வாசித்துக்கொள்ளுங்கள்.

கல்லடி_வாவிமீன்: என்னத்தை வாசிக்க? இரண்டு தரம் அடித்தும் பெட்டி வரவில்லை என்றல்லவா அதற்கு அர்த்தம்! நானா, நேரடியாக ஒரு கேள்வி. போனை லாச்சிக்குள் வைத்துப் பார்த்தீர்களா?

ஏறாவூர்_டெக்: லாச்சி என் லாச்சி, போன் என் போன். நீங்கள் முதலில் கேபிளைக் கொண்டு வாருங்கள்.

பாண்டிருப்பான்: பழைய பாலத்தாலா வருவார், புதுசாலா?