டி.டி.எச். நிறுவனம் மாறினோம், பழைய கேபிளை மாற்றவில்லை: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தஞ்சாவூர் உறுப்பினர்:

எங்கள் வீடு கேபிள் டிவி காலத்தில் கட்டப்பட்டது. மின்கம்பிக் குழாய்களைச் சுவருக்குள் பதித்தபோதே, தனியாக இன்னொரு குழாய் வைத்துக் கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் கோஆக்சியல் கேபிளை (நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் உள்ள கேபிள்) இழுத்துவிட்டார்கள். பின்னர் நாங்கள் டி.டி.எச். இணைப்புக்கு வந்தபோதும், மொட்டைமாடி டிஷ்ஷையும் கூடத்துத் தொலைக்காட்சியையும் இணைத்தது அதே கேபிள்தான். சென்ற ஆண்டு நாங்கள் விரும்பும் அலைவரிசைகள் வேறொரு நிறுவனத்தின் தொகுப்பில் குறைந்த கட்டணத்தில் கிடைத்ததால் மாறத் தீர்மானித்தோம். புதிய இணைப்பைப் பொருத்த வந்த இளைஞர், சுவரில் இருந்த பழைய முனையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இது செட்டாகாது சார், புதுசா கேபிள் இழுத்துத்தான் ஆகணும்" என்றார். குறிப்பிட்ட நீளம் வரைதான் கேபிள் இலவசம் என்றும், அதற்கு மேல் மீட்டர் கணக்கில் தனியாகப் பணம் தர வேண்டும் என்றும் சொன்னார். வெளிச்சுவரில் ஆணியடித்துக் கேபிளைத் தொங்கவிட்டு, ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு உள்ளே கொண்டுவருவது அவருடைய திட்டமாக இருந்தது.

நான் அதற்கு இசையவில்லை. வீட்டுக்குள் ஓடும் கோஆக்சியல் கேபிள் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானது அல்ல, எந்த நிறுவனத்துக்கென்றும் தனியாகச் செய்யப்படுவதும் அல்ல. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., வானத்திலிருந்து வரும் மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் இறக்கிக் கீழே அனுப்புகிறது. நம் நாட்டின் எந்த டி.டி.எச். சேவையை எடுத்துக்கொண்டாலும் கேபிளில் இறங்கி வருவது இந்த எல்லைக்குள்தான். கேபிளுக்கு வேண்டிய தகுதிகளும் எல்லாருக்கும் ஒன்றே: 75 ஓம் மின்மறுப்பு, ஆர்.ஜி.-6 தரம், இரு முனைகளிலும் ஒழுங்காகப் பொருத்திய, திருகி மாட்டும் எஃப் கனெக்டர். நிறுவனம் மாறும்போது உண்மையில் மாறியாக வேண்டியவை செட்டாப் பாக்ஸும் டிஷ்ஷின் திசையும்தான். சில இடங்களில் எல்.என்.பி.யையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

திசை ஏன் மாறுகிறது என்பதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சேவையும் நிலநடுக்கோட்டுக்கு மேலே வெவ்வேறு தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோளை நம்பியிருக்கிறது. டாடா ப்ளே 83 பாகை கிழக்கிலும், சன் டைரக்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் 93.5 பாகை கிழக்கிலும், ஏர்டெல் 108.2 பாகை கிழக்கிலும் உள்ள செயற்கைக்கோள்களை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. தஞ்சாவூரில் நின்று பார்த்தால் 83 பாகைச் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து சற்றே கிழக்கே விலகி, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 76 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும். 108.2 பாகைச் செயற்கைக்கோளோ கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி 54 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் டிஷ்ஷைக் கிடைமட்டத்திலும் மேல்கீழாகவும் நன்றாகத் திருப்ப வேண்டும் என்பதால், கிழக்குப் பக்கத்தில் உயரமான தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பழைய டிஷ் நின்ற இரும்புக் குழாயே புதியதற்கும் போதுமானதாக இருந்தது.

அந்த இளைஞரிடம், கேபிள் நன்றாக இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்ப்போம், இல்லையென்றால் நீங்கள் சொல்வதுபோலவே செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். சோதனை எளிமையானது. கேபிளின் இரு முனைகளையும் எல்லாக் கருவிகளிலிருந்தும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக்கம்பியிலும் மற்றொன்றை வெளி வலையிலும் வைத்தபோது எந்த இணைப்பும் காட்டவில்லை. ஆகவே உள்ளே எங்கும் ஷார்ட் இல்லை. பிறகு மாடி முனையில் நடுக்கம்பியையும் வலையையும் ஒரு சிறு கம்பித்துண்டால் சேர்த்துவிட்டுக் கீழே அளந்தபோது மிகக் குறைந்த ஓம் அளவு காட்டியது. ஆகவே கேபிள் எங்கும் அறுபடவும் இல்லை. அளவு விட்டுவிட்டு மாறியிருந்தால், நடுவே எங்கோ துருப்பிடித்த ஜாயின்ட் இருக்கிறது என்று கொண்டிருப்போம்.

பழைய கனெக்டர்கள் இரண்டையும் வெட்டியெறிந்து புதியவற்றைப் பொருத்தியதும் கூடத்தில் படம் வந்துவிட்டது. படுக்கையறைகளில்தான் வரவில்லை. பரணில் ஏறிப் பார்த்தபோது, ஒரு கேபிளின் சிக்னலைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் ஒன்று, பழைய கேபிள் டிவிக்காரர் வைத்தது, தூசிக்கு நடுவே இருந்தது. அதன் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. கேபிள் டிவிக்கு அது போதும். 2150 மெகாஹெர்ட்ஸ் வரை எட்ட வேண்டிய டிஷ் சிக்னலுக்கு அது தடைக்கல். அதைக் கழற்றிவிட்டு என்ன செய்தோம் என்பதைவிட, அது ஏன் அங்கே இருக்கக்கூடாது என்பதைத் தொழில் தெரிந்த யாராவது விளக்கினால் பலருக்கும் பயன்படும்.

திருச்சி உறுப்பினர், டிஷ் பொருத்தும் பணியில் இருப்பவர்:

ஐயா கேட்டதற்கு என்னால் இயன்ற அளவில் விளக்கம் தருகிறேன். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளில் சிக்னல் கீழே வருவதோடு, பாக்ஸிலிருந்து மின்சாரமும் கட்டளையும் மேலே போகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்தாக அதிரும் அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டமாக அதிரும் அலைகளையும் எடுத்துத் தரும். அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் மேல் அலைப்பட்டைக்கு மாறும். கூடத்தில் ஒருவர் செய்தி பார்க்க, அறையில் மற்றொருவர் கிரிக்கெட் பார்க்கும்போது, இரண்டு பாக்ஸ்களும் ஒரே எல்.என்.பி. முனைக்கு வெவ்வேறு கட்டளைகளை அனுப்பும். ஸ்ப்ளிட்டர் வழியாகச் சேர்த்துவிட்டால் ஒன்றில் படம் வரும், மற்றொன்றில் சில அலைவரிசைகள் மட்டும் வரும். இதனால்தான் ஒவ்வொரு பாக்ஸுக்கும் எல்.என்.பி.யிலிருந்து தனிக் கேபிள் வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். இரண்டு தொலைக்காட்சி உள்ள வீட்டில் இரட்டை முனை எல்.என்.பி.யும், மூன்று நான்கு உள்ள வீட்டில் நான்கு முனை எல்.என்.பி.யும் வைத்து, சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கேபிள்களைப் பரணில் ஒன்றாகச் சேர்க்காமல், தனித்தனியாக மாடிவரை நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. இடையில் நீட்ட வேண்டிய இடத்தில் இரு எஃப் கனெக்டர்களையும், அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் ஒரு பேரல் இணைப்பையும் பயன்படுத்துங்கள். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட், கேபிள் டிவிக்குத் தாங்கியிருக்கலாம், இந்த அதிர்வெண்ணுக்குத் தாங்காது.

எந்தப் பழைய கேபிளை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாப் பழைய கேபிளும் காப்பாற்றத்தக்கது என்று நினைத்துவிடக்கூடாது. ஆர்.ஜி.-59 என்று மேலுறையில் அச்சிட்ட மெல்லிய கேபிள் குறுகிய தூரத்துக்கு ஒப்பேறலாம், மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை நீண்டால் மழை நாளில் முதலில் கைவிடுவது அதுதான். நல்ல ஆர்.ஜி.-6 கேபிளே 2150 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஒன்பது டெசிபல் அளவுக்குச் சிக்னலை விழுங்கும்; எல்.என்.பி. 50 டெசிபலுக்கு மேல் பெருக்கி அனுப்புவதால் அந்த இழப்பு நம்மைப் பாதிப்பதில்லை. நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய எஃகா என்று அறிய ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனால் போதும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் எஃகுக் கம்பியாலும் சிக்னல் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் அது மேலே செல்லும் மின்சாரத்துக்குக் கூடுதல் தடை தருவதால், மிக நீண்ட இழுப்பில் நான்கு முனை எல்.என்.பி. வைத்தவர்கள் முழுச் செம்புக் கேபிளைத் தேடுவது நல்லது.

கேபிள் எந்தச் சேவைக்கும் உரியது அல்ல என்பதை நான் கண்ணால் கண்ட காலம் ஒன்று உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டி வந்தது. 93.5 பாகையில் இருந்த அதை நம்பியிருந்த சன் டைரக்ட் வீடுகளின் டிஷ்களை 91.5 பாகையில் உள்ள மீசாட்-3 பக்கமாகத் திருப்ப வீடு வீடாக ஏறினோம். இரண்டு பாகை நகர்த்துவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்றாலும் சிக்னல் அளக்கும் மீட்டர் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. செயற்கைக்கோளே மாறியபோதும் எந்த வீட்டிலும் அதற்காக நாங்கள் கேபிளை மாற்றவில்லை.

எங்கள் தரப்பையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பொருத்துநருக்கு வேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பழைய கேபிளைச் சோதிக்கும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. நாளை சிக்னல் போனால் மறுபடி வந்து இலவசமாகப் பார்க்க வேண்டியவரும் அவரே. புதுக் கேபிள் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆகவே முன்பதிவு செய்யும்போதே பழைய கேபிள் இருக்கிறது, சோதிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான கூலியைப் பேசிக்கொள்வது இருவருக்கும் நியாயமாக இருக்கும்.

சென்னை உறுப்பினர்:

நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். தனி வீட்டுக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் எங்களுக்கு உண்டு: டக்ட் வழியாகக் கீழே இறங்கும் கறுப்புக் கேபிள்களில் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. காலி செய்துவிட்டுப் போனவர்களின் கேபிள்கள் அப்படியே தொங்க, புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவற்றின் மேல் இன்னொன்றை இழுத்துக் கட்டிக்கொண்டே போகிறார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுச் சென்ற முனை இருந்ததால், வீட்டு உரிமையாளரிடம் கேட்டு அனுமதி பெற்றபின், தஞ்சாவூர் ஐயா சொன்ன அதே ஷார்ட் சோதனையைத் தலைகீழாகச் செய்தோம். கீழே முனையில் நடுக்கம்பியையும் வலையையும் சேர்த்து வைத்துவிட்டு, என் தம்பி மாடியில் துண்டாகக் கிடந்த முனைகளை ஒவ்வொன்றாக அளந்தான். இணைப்புக் காட்டியது எங்களுடையது. வேறொரு குடும்பம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கேபிளில் பாக்ஸின் மின்சாரம் இருக்கும் என்பதால், டிஷ்ஷில் இணைந்திருக்கும் எதையும் தொடவே வேண்டாம் என்று அவனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். கண்டுபிடித்ததும் இரு முனைகளிலும் வீட்டு எண்ணை எழுதிக் கட்டினோம். இப்போது எங்கள் சங்கம் எல்லா வீடுகளுக்கும் அப்படி எழுதிக் கட்டச் சொல்லியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இதனோடு ஒன்று. பழைய பாக்ஸையே புதிய நிறுவனத்தில் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சிக்னலைத் தனக்கே உரிய முறையில் பூட்டி அனுப்புகிறது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான பாக்ஸ் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020இல் பரிந்துரை செய்தது. அது நடைமுறைக்கு வந்தால், கேபிளைக் காப்பாற்றுவதுபோல் பாக்ஸையும் காப்பாற்றலாம். வேலை செய்யும் ஒரு கருவியைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

நாகப்பட்டினம் உறுப்பினர்:

கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிளைக் குறைசொல்வதற்குமுன் எல்.என்.பி. அருகிலுள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் வலை பச்சை பிடித்திருக்கும். மழைநீர் ஒருமுறை உள்ளே புகுந்தால் வலை வழியாகவே கீழே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் மேல்முனையில் ஓரடிக்கு மேல் வெட்டிய பிறகுதான் பளபளப்பான செம்பு தெரிந்தது. புதிய கனெக்டரின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டோம். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடுகிறது.

தஞ்சாவூர் உறுப்பினர்:

திருச்சி நண்பரின் விளக்கத்துக்கு மனமார்ந்த நன்றி. கூலியைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்று அந்த இளைஞருக்குச் சோதனைக்காகத் தனியாகப் பணம் கொடுத்தேன், அவரும் முகம் மலர்ந்து படுக்கையறை வேலையையும் செய்து கொடுத்தார். ஸ்ப்ளிட்டர் இருந்த பரணிலிருந்து மாடிக்கு இரண்டு புதிய கேபிள்கள் மட்டும் போட்டோம். சுவருக்குள் இருப்பவை பழையவையே. ஒன்று பெரியவர்களின் அறைக்குப் போகிறது. மற்றொன்றை இப்போதைக்கு எதிலும் இணைக்காமல், முனைக்கு மூடி போட்டு வைத்திருக்கிறேன். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை என்பதால், அதற்கென ஒரு சிறிய டிஷ்ஷை 93.5 பாகை நோக்கி வைத்து இந்தக் கேபிளில் இணைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் எந்தப் பாக்ஸை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.