ரிவர்ஸில் மட்டும் அணைந்துபோகும் மேனுவல் கார்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
1.4 லிட்டர் பெட்ரோல், 5 கியர். முன்னால் போகையில் குறையே இல்லை. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் குலுங்கி அணைகிறது. மேட்டு டிரைவ்வேயில் பின்னால் ஏற்றும்போது இன்னும் மோசம். ஐடிலிங் (சும்மா நிற்கையில் எஞ்சின் வேகம்) 650 ஆர்பிஎம். கிளட்ச் பிளேட் மாற்றணும் என்கிறார்கள். தேவையா?

பதில் 1:
அவசரப்படாதீங்க அண்ணா. பிளேட் தேய்ந்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டி இழுக்காது, அணையாது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான எஞ்சின் மவுண்டைப் பாருங்க. ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயும். ரப்பர் கிழிந்திருந்தால் அந்தச் சாய்வில், ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) போகும் குழாயின் வெடிப்பு வாய் திறக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று நுழைந்து, பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அணையும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் ரிவர்ஸில் கிளட்சை லேசாகப் பிடிக்கவிடட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கணும், காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் நாலைந்து சென்டிமீட்டர் துள்ளினால் மவுண்ட் போச்சு. குழாய் மடிப்புகளை எஞ்சினை நிறுத்திவிட்டு விரலால் விரித்துப் பாருங்க, அடிப்பக்கம் முக்கியம்.

பதில் 2:
650 கம்மிதான். சூடான எஞ்சினுக்கு 750–850 வழக்கம். த்ராட்டில் பாடி கரியைக் கிளீனர் நனைத்த துணியால் துடைங்க. எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் வால்வைக் கையால் தள்ளாதீங்க, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம்.

பதில் 3:
ரிவர்ஸ் போட்டதும், கிளட்சை மிதித்திருக்கும்போதே அணைந்தால் கதை வேறு: ரிவர்ஸ் லைட் ஒயர் ஷார்ட்டாக இருக்கலாம். கியர்பாக்ஸில் அந்த ஸ்விட்ச் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்க.

கேட்டவர்:
குழாய் அடியில் கட்டைவிரல் நீள வெடிப்பு. மவுண்டும் கிழிசல்.

பதில் 1:
இரண்டையும் சேர்த்து மாற்றுங்க. பழைய மவுண்டோடு விட்டால் புதுக் குழாயும் கிழியும்.