பழைய கோட்லெஸ் ட்ரில்லுக்கு லித்தியம் போட்டவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலை மகன்

அப்பாவின் 14.4 வோல்ட் ட்ரில். நிக்காட் (நிக்கல் காட்மியம்) பற்றரி செத்து இரண்டு வருடம், புதிது எங்கும் இல்லை. பழைய லாப்டாப் பற்றரியை உடைத்து 18650 என்கிற உருளை லித்தியம் செல் நான்கை வரிசையாக இணைத்தேன். செல்லைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ் போர்டும் வைத்துப் பழைய கூட்டுக்குள்ளேயே அடக்கினேன். சும்மா அழுத்தியபோது புதிது போலச் சுழன்றது. அப்பா முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

அன்று பின்னேரம் முதிரைக் கதவுக்குக் கீல் பூட்டினோம். ஸ்குரூ முக்கால்வாசி இறங்கும், மரம் இறுக்கிப் பிடிக்கும், உடனே ட்ரில் நின்றுவிடும். விட்டு அழுத்தினால் சுற்றும், அதே இடத்தில் மறுபடி நிற்கும். நான்காவது தடவை அப்பா ஒன்றும் பேசவில்லை. ட்ரில்லை மெதுவாகத் தரையில் வைத்தார். பெட்டியைத் திறந்து அப்பப்பாவின் துறப்பணத்தை எடுத்தார். எழுபது வயதில் வில்லை இழுத்து இழுத்துத் துளை போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டுதான் மோசம் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

சீனக்குடா வாசி

உங்களுடையது நின்றது, என்னுடையது எரிந்தது. 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத நாட்கள். 12 வோல்ட் ட்ரில்லுக்கு மூன்று செல், போர்டு போடவில்லை. கரண்ட் வந்த அவசரத்தில் பழைய நிக்காட் சார்ஜரிலேயே மாட்டி, அம்மாவின் தையல் மெசின் மேசையில் வைத்துவிட்டேன்.

அம்மா தைத்துக்கொண்டிருந்தவர், "என்ன தம்பி இது, தின்னர் மணக்குது?" என்று கேட்டுக்கொண்டே எழும்பி வந்தார். அவர் வாசலைத் தாண்டவும் உள்ளே 'உஸ்' என்று சத்தம், பிறகு நெருப்பு. மண்வெட்டியால் முற்றத்துக்குத் தள்ளிக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். மேசையில் கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. அம்மா அதன்மேல் துணி விரித்துத் தைக்கிறார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

நிலாவெளி

லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடிக்கும். மண் போட்டிருக்க வேண்டும். நான் செல் வேலைக்கே போகவில்லை. பழைய பற்றரிக் கூட்டிலிருந்து தடித்த வயர் இழுத்து 12 வோல்ட் ஈயப் பற்றரியில் கொடுத்தேன். ஃபைபர் வள்ளத்துக்கு அதிலேதான் துளை போடுகிறேன்.

கிண்ணியா ஓடாவி

நிலாவெளித் தம்பி சொல்வது பிழை. தண்ணீரோடு பொங்குவது லித்தியம் உலோகம். இந்தச் செல்லில் இருப்பது லித்தியம் அயன். இதற்குத் தண்ணீர்தான் நல்லது, பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவாமல் குளிர்விக்கும். மண் மூடும், சூட்டை இறக்காது. சீனக்குடாத் தம்பி செய்தது சரி. ஆனால் அந்தச் சார்ஜரை இனி வீட்டிலேயே வைக்க வேண்டாம். நல்ல நிக்காட் சார்ஜர்கூடப் பற்றரி சூடாவதையோ வோல்ட் லேசாக இறங்குவதையோ வைத்துத்தான் நிறைந்தது என்று அறியும். லித்தியம் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். மூன்று செல்லுக்கு 12.6, நான்குக்கு 16.8, 18 வோல்ட் ட்ரில்லுக்குப் போடும் ஐந்துக்கு 21. அந்த அளவுக்கென்றே உள்ள லித்தியம் சார்ஜர் வாங்குங்கள்.

உவர்மலைத் தம்பி, போர்டைக் குறை சொல்லாதீர்கள். லாப்டாப் செல் நாலைந்து அம்பியருக்கு மேல் திணறும். முதிரையில் இறுகிய ட்ரில் 30, 40 அம்பியர் இழுக்கும். அப்போது வோல்ட் சரியும், பற்றரி தீர்ந்தது என்று போர்டு பூட்டிவிடும். மீற்றரைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் இறுக்கிப் பாருங்கள், தெரியும். 20 அம்பியர் தரும் செல்லாக எட்டு எடுங்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு வரிசை. 9900 என்று எழுதிய செல் பொய். 18650 அளவில் 3500 மில்லி அம்பியர் மணிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். செல்லில் நேரே ஈயம் பற்றவைத்தால் சூட்டில் கெடும், நிக்கல் பட்டி வைத்து ஸ்பொட் வெல்ட் செய்விக்க வேண்டும். கழற்றிய நிக்காட்டைக் கிணற்றடியில் போடாதீர்கள், உள்ளே இருக்கும் காட்மியம் நஞ்சு.

என் கதை சின்னது. செல்லுக்கு இடையில் காப்புத் தாள் வைக்காமல் விட்டேன். வள்ளத்தின் மேல் நின்று வேலை செய்யும்போது ட்ரில் கைதவறி விழுந்தது. குனிந்து எடுத்தால் கூடு கை வைக்க ஏலாத சூடு. கடல்தண்ணீர் வாளிக்குள் போட்டேன். என் பேரன் அந்த வாளிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான்.

நிலாவெளி

சரி நானா, தண்ணீர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன எல்லாம் வாங்குகிற காசைக் கணக்குப் பார்த்தீர்களா? ஓரிடத்தில் நின்று செய்கிற வேலைக்கு வயரே போதும். அந்த ஐயாவும் வீட்டில்தானே வேலை செய்கிறார்.

கிண்ணியா ஓடாவி

12 வோல்ட்டைக் கொண்டு 14.4 ட்ரில்லில் முதிரையைத் துளைத்துப் பாருங்கள் தம்பி, பிறகு பேசுவோம்.

உவர்மலை மகன்

நானா சொன்னபடி மீற்றர் பிடித்துப் பார்த்தேன். நிற்கிற நேரம் 10 வோல்ட்டுக்குக் கீழே ஓடிவிடுகிறது. செல்தான்.

கொழும்பில் எட்டுச் செல்லுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மேல் கீலையும் நடுக்கீலையும் அன்றைக்கே துறப்பணத்தால் முடித்துவிட்டார். கீழ்க் கீலுக்குக் குந்த முழங்கால் விடவில்லை. அது இரண்டு ஸ்குரூவில்தான் நிற்கிறது.