புதுப்பிப்பு: நாலு நிமிடத்தில் மல்டிகாஸ்ட் வீடியோ நின்றுபோன பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. இனித் தேடி வருபவர்களுக்காக விடையை எழுதிவைக்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் டியூட்டரியின் கீழ் மண்டபத்தில் நடக்கும் வகுப்பை மேல்மாடி டிவிகளுக்கு மல்டிகாஸ்டில் (ஒரே வீடியோவைக் கேட்கும் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) அனுப்புகிறோம். நெட்வொர்க் சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் வீடியோவை அனுப்பும் வசதி) ஆன் செய்தால் நாலு நிமிடம் சொச்சம் ஓடிவிட்டுப் படம் அப்படியே உறைந்துவிடும், ஆஃப் செய்தால் எல்லா போர்ட்டுக்கும் வீடியோ பாய்ந்து வைஃபை படுத்துவிடும்.

தீர்த்துவைத்தது குவெரியர் (வீடியோ யாருக்கு வேணும் என்று அவ்வப்போது கேட்கும் கருவி) வைக்கும் யோசனைதான், இங்கே அதைச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. எங்கள் ரவுட்டர் மல்டிகாஸ்ட் வேலை எதுவும் பார்ப்பதில்லை, அதனால் "இன்னும் யாருக்கு வேணும்?" என்று கேட்க டிவிகள் இருக்கும் விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஆளே இல்லை. கேள்வி வராவிட்டால் டிவிகளும் பதில் அனுப்பாது, வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் சுவிட்ச் அந்த போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். சுவிட்சிலேயே குவெரியரை ஆன் செய்து, அந்த விலானில் அதற்கு ஒரு ஐபி முகவரியும் கொடுத்தேன். ஐபி முக்கியம், இல்லாவிட்டால் கேள்வி 0.0.0.0 இலிருந்து போகலாம், அப்படி வரும் கேள்வியைச் சில பெட்டிகள் கண்டுகொள்வதில்லை. இப்போது வகுப்பு முழுசாக ஓடுகிறது.

எதிர்பாராதது டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பகமில்லாத போர்ட்டிலிருந்து யாரும் ஐபி கொடுக்காமல் தடுக்கும் வசதி). பாதுகாப்புக்காக அதையும் போடச் சொல்லியிருந்தீர்கள். போட்டதும் ஏற்கெனவே ஐபி வைத்திருந்தவை ஓடின, புதிதாக ஆன் செய்த டிவிக்கு மட்டும் ஐபி வரவில்லை. ஐபி கொடுப்பது ரவுட்டர்தான், அது செருகியிருக்கும் போர்ட்டை டிரஸ்டட் (நம்பகமானது) ஆக்கியதும் சரி. அதை முதலில் செய்துவிட்டு ஸ்னூப்பிங்கைத் தொடுங்கள். அப்புறம் மறக்காமல் சுவிட்சின் கன்ஃபிகை (அமைப்புகளை) சேவ் பண்ணுங்கள், கரண்ட் போய் வந்தால் சேவ் செய்யாததெல்லாம் போய்விடும்.