இரண்டு காதிலும் காக்ளியர் இம்ப்ளாண்ட்: கூட்டத்தில் பேச்சு புரிகிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருச்சி, கணக்காளர்:
அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசுபவரின் உதட்டை நான் பார்ப்பதே இல்லை. அதே ஆள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்தால் கதை வேறு. வலக்காதில் மட்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிக் காது நரம்புக்குத் தரும், அறுவையில் பொருத்தும் கருவி) இருந்த காலத்தில், இடப்பக்கம் யார் உட்கார்ந்தாலும் சிரித்துத் தலையாட்டியே சமாளிப்பேன். இப்போது இடக்காதிலும் இருக்கிறது. ஆவணியில் ஒரு கல்யாணம். எனக்கு வலப்பக்கம் ஒலிபெருக்கி, இடப்பக்கம் சித்தப்பா. "ரசம் வாங்கிக்கொள்ளப்பா, நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னது முழுதாக விழுந்தது. பிறகு பங்காளி நிலத்தகராறு முழுவதையும் சொன்னார். அதுவும் விழுந்தது. (அது விழாமலே இருந்திருக்கலாம்.)

எல்லாம் தலை செய்கிற வேலை. ஒலிபெருக்கியின் சத்தம் வலக்காதை நேராகத் தாக்குகிறது. இடக்காதை எட்டுவதற்குள் தலை மறித்து அதைக் குறைத்துவிடுகிறது. கீச்சென்ற ஒலிகள்தான் இப்படி நன்றாக மறிபடும். ச, ட போன்ற மெய்யொலிகளை மூடுபவை அவைதான். தவிலின் தாழ்ந்த முழக்கம் தலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இரண்டு கருவிகளால் இரைச்சலில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், நல்ல பக்கம் எதுவோ அந்தக் காதில் கேட்கலாம் என்பதே.

கோவை, ஆசிரியை:
இரைச்சல் ஒரே பக்கம் நின்றதே, நீங்கள் கொடுத்துவைத்தவர் ஐயா. எங்கள் ஆசிரியர் அறையில் அது நாலாபுறமும் இருக்கிறது, போதாததற்குச் சுவரெல்லாம் எதிரொலி. அங்கே இரண்டாவது கருவி எனக்குத் தந்தது கொஞ்சம்தான். உள்காதில் நத்தைச் சுருள் போலிருக்கும் செவிநத்தையில் ஒலியை நரம்புக்கு உணர்த்தும் உள்வரிசை மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500. நம் இம்ப்ளாண்டில் மின்முனைகள் அதிகம் போனால் 22 அல்லது 24. அதற்குள் இரண்டு பெண்குரல்கள் சேர்ந்து வந்தால் எப்படிப் பிரியும்? இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நுண்ணிய நேர வேறுபாட்டையும் கருவிகள் சரியாகக் கடத்துவதில்லை. அதனால் கூட்டத்தில் ஒரு குரலைத் தனியே பிடிப்பது, நல்ல காது உள்ளவர்களைப் போல நமக்கு வாய்ப்பதில்லை.

எனக்குக் கைகொடுத்தது கம்பியில்லா மைக். கூட்டம் தொடங்கும்போது தலைமையாசிரியை அதைப் புடவையில் குத்திக்கொள்வார். குரல் அவர் வாயருகிலிருந்து நேரே என் கருவிகளுக்கு வந்துவிடும். கேள்வி கேட்பவர்களிடம் மைக்கை மாற்றிக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் சோம்பல்.

சென்னை, ஒரு தாய்:
என் மகளுக்கு முதல் காது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. இரண்டாவது காது சில ஆண்டுகள் கழித்து, கடன் வாங்கி. இன்றும் அந்தக் காதில் மட்டும் கேட்கச் சொன்னால் தடுமாறுகிறாள். வகுப்பில் எங்கே உட்காரவைக்கலாம்?

திருச்சி, கணக்காளர்:
அம்மா, இடைவெளி நீண்டால் பின்னால் வந்த காது பின்தங்குவது வழக்கம்தான். அந்தக் கருவியை மட்டும் போட்டுக்கொண்டு தினமும் கொஞ்ச நேரம் நீங்கள் கதை படித்துக் காட்டலாமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். வகுப்பில் முன்வரிசையில் இருக்கட்டும். தேறிய காது ஆசிரியர் பக்கமும், தெருச் சன்னலும் மின்விசிறியும் மறுபக்கமும் இருக்குமாறு பாருங்கள். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் மைக் அமைப்பு வகுப்புக்கு நல்லது. சாலையில் நடக்கும்போது அதை மாற்றிவிடச் சொல்லுங்கள், பின்னால் வரும் வண்டிச் சத்தம் குறைந்துவிடும். அடுத்த மேப்பிங்குக்கு (கருவியின் அளவுகளைச் சரிசெய்வதற்கு) போகும்போது, இரைச்சலை ஓடவிட்டு ஒவ்வொரு காதையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதிக்கச் சொல்லுங்கள். அமைதியான அறையில் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் காட்டி அனுப்பினால் விடாதீர்கள்.